வீட்டிலேயே எடைப் பயிற்சி: பள்ளிப் பையும் சீனி பாக்கெட்டும் போதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வயது 38, தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, தாமான் குடியிருப்பில் வரிசை வீடு. ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை, போனால் கூச்சமும். வீட்டிலேயே எடைப் பயிற்சி தொடங்க என்ன வாங்க வேண்டும், எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கை கால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுமா என்பது அவர் கேள்வி. கூடவே ஒரு வரி: "63 வயசு அம்மாவுக்கு இனிப்புநீர் இருக்கு. அவங்களையும் சேத்துக்கலாமான்னு கேட்டா, முப்பது வருஷம் பால் வெட்டுனவளுக்கு நீ எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்கிறியான்னு சிரிக்கிறாங்க."

அம்மாவின் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. விடியும் முன்னே எழுந்து, நிரை நிரையாக ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்து, தோள்கம்பில் இரண்டு பக்கமும் பால்வாளியைத் தொங்கவிட்டு மேடு பள்ளம் ஏறி இறங்கியவர். அந்தக் காலத்தில் அவருக்கு இருந்த கால் பலம் இன்று உங்களுக்கும் எனக்கும் இருக்காது. ஆனால் அந்த வேலை நின்று எத்தனை வருஷம் ஆகிறது? தசை என்பது சேமிப்புக் கணக்கு இல்லை. 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறையும், 60-ஐத் தாண்டினால் வேகம் இன்னும் கூடும். பலம் அதைவிட வேகமாகக் குறையும்.

இன்னொரு விஷயம், தோட்ட வேலையும் பயிற்சியும் ஒன்றில்லை. செம்பனைக் குலை சுமப்பவராக இருக்கட்டும், பால் வெட்டியவராக இருக்கட்டும், நேற்று என்ன சுமையோ அதுதான் இன்றும். உடம்பு அந்தச் சுமைக்குப் பழகியதும் வளர்வதை நிறுத்திவிடும், தேய்வது மட்டும் நிற்காது. ஒரே பக்கம் குனிந்து, ஒரே கையால் வெட்டி, ஓய்வு வேண்டிய நாளிலும் விடிகாலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பயிற்சியில் சுமையை நீங்கள் முடிவு செய்கிறீர்கள், ஓய்வையும் நீங்களே முடிவு செய்கிறீர்கள், சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. முழு விஷயமும் இந்தக் 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பதில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

இனிப்புநீருக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பகுதி போய்ச் சேரும் இடம் தசை. வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும், பயிற்சி முடிந்து பல மணி நேரம் வரை அந்தப் பலன் நீடிக்கும். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்தால் போதும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நடை நல்லதுதான், விடவேண்டாம். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், வாரம் 150 நிமிட நடைக்கு மேலாக வாரத்தில் 2 நாளாவது பெரிய தசைகள் அனைத்துக்கும் பலப் பயிற்சி வேண்டும் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. நடை அந்த வேலையைச் செய்யாது.

அதனால் அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் அடுத்த தேதிக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லிவிட்டு. கேட்க வேண்டியவை இவைதான்: கண்ணின் விழித்திரையில் சர்க்கரையால் இரத்தக்குழாய் பாதிப்பு இருக்கிறதா, பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறதா, நெஞ்சுவலி வந்ததுண்டா. இன்சுலின் போடுபவர்கள், கிளிக்லசைட் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரை பார்க்க வேண்டும். 5 mmol/L-க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத் தொடங்கட்டும். கை நடுங்கினால், திடீரென வேர்த்துக் கொட்டினால் நிறுத்திவிட்டு இனிப்பு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படிச் சர்க்கரை இறங்குவது அபூர்வம். இரத்த அழுத்தம் 180/110-ஐத் தொட்டிருந்தால் அன்றைக்குப் பயிற்சியே வேண்டாம். பாதத்தில் உணர்வு குறைந்தவர் வீட்டுக்குள்ளும் காலணி போட்டுச் செய்யட்டும்.

அம்மாவுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். கைப்பிடி இல்லாத, 43 செண்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழ் வந்தால் கால் பலம் குறைவு, தடுக்கி விழும் வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். சிரிப்பவர்கள் பலர் ஒன்பதாவதில் மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பால் வெட்டியவர்களுக்கு வீம்பு அதிகம், எண்ணிக்கை என்று வந்துவிட்டால் அவர்களே மறுநாள் திரும்ப எழுந்து நிற்பார்கள். அவருக்கான பயிற்சியும் இதுவேதான். நாற்காலியிலிருந்து எழுதல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல், சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல். மூன்றும் இரண்டு சுற்று, வாரத்தில் மூன்று நாள்.

இனி உங்களுக்கு.

வாங்க வேண்டியது ஒன்றுமில்லை, ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தைத் தவிர. வீட்டில் பிள்ளைகளின் பழைய பள்ளிப் பை ஒன்று இருக்கும், தோள்வார் நன்றாக இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். சீனி, உப்பு எல்லாம் ஒரு கிலோ பாக்கெட்டில்தானே வருகிறது. அதுதான் உங்கள் எடைக்கல். பைக்குள் ஒரு பழைய டவலைச் சுருட்டி வைத்து, நடுவில் பாக்கெட்டுகளை அடுக்கினால் குலுங்காது. 1.5 லிட்டர் தண்ணீர் புட்டி ஒன்றரை கிலோ, அரை லிட்டர் புட்டி அரை கிலோ, பத்து லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் பத்து கிலோ. ஒரே எடையாக வரும் டம்பெல்லில் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்ட முடியாது. சமையல் கேஸ் தோம்பைத் தூக்கிப் பயிற்சி செய்கிற வீடியோ பார்த்திருப்பீர்கள், அந்த வேலை வேண்டாம்.

நாற்காலியில் கவனம். விருந்துக்கு அடுக்கி வைக்கிற பிளாஸ்டிக் நாற்காலி தளக்கல்லில் கால் விரித்துக்கொண்டு வழுக்கும். மர நாற்காலி, அதுவும் சுவரில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காலில் சாக்ஸ் வேண்டாம், வெறுங்கால் நல்லது. நம் ஊர் புழுக்கத்தில் காலை 8 மணிக்கு முன்போ பொழுது சாய்ந்தோ செய்யுங்கள். புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே செய்யுங்கள், 200-ஐத் தாண்டினால் அன்று விடுமுறை.

ஐந்து அசைவு போதும்: உட்கார்ந்து எழுதல், இடுப்பை மடித்துத் தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், சுமந்து நடத்தல்.

உட்கார்ந்து எழுவது உங்களுக்குப் புதிதில்லை. பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு போடும் தோப்புக்கரணம்தான் அது. முதலில் பின்னால் நாற்காலி வைத்து, பின்பாகம் அதைத் தொட்டதும் எழுங்கள். பாதம் முழுக்கத் தரையில் பதிந்திருக்க வேண்டும், முட்டி கால்விரல் போகும் திசையிலேயே போக வேண்டும். பலருக்கு எழும்போது முட்டி இரண்டும் உள்ளே சாயும். அதைக் கண்ணாடியில் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். முட்டி கால்விரலைத் தாண்டவே கூடாது என்று ஒரு பயமுறுத்தல் சுற்றிக்கொண்டிருக்கிறது. படி இறங்கும்போது தினமும் தாண்டத்தான் செய்கிறது, வலி இல்லாதவரை அதில் தப்பில்லை. நாற்காலி எளிதானதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். முதுகில் மாட்டுவதைவிட இது நல்லது, உடம்பு நேராக நிற்கும்.

தள்ளுதல் என்றால் தண்டால். பெண்கள் பாதிப் பேர் இதைத் தரையில் தொடங்கி, இரண்டாவதில் மடிந்து விழுந்து, 'நமக்கு வராது' என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். தரையில் தண்டால் எடுக்கும்போது கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய 64 விழுக்காடு. முட்டி ஊன்றினால் 49. கையை 30 செண்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 55, 60 செண்டிமீட்டரில் வைத்தால் 41. உங்கள் எடை 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், தரையில் 38 கிலோ, 60 செண்டிமீட்டர் உயரத்தில் 25 கிலோ. ஜிம்மில் முதல் நாளே யாரும் உங்கள் கையில் 38 கிலோ கொடுக்க மாட்டார்கள், தரைத் தண்டால் அதைத்தான் செய்கிறது. ஆகவே சுவரில் தொடங்கி, சமையலறை மேடைக்கு வந்து, பிறகு கனமான மேசை, கட்டில் விளிம்பு, வாசற்படி என்று இறங்கி வாருங்கள். ஒவ்வொரு இறக்கமும் எடை கூட்டுவதற்குச் சமம். உடம்பு தலையிலிருந்து குதிகால் வரை ஒரே பலகையாக இருக்க வேண்டும். இடுப்பு தொங்கினால் அந்த உயரம் இன்னும் உங்களுக்கு அதிகம் என்று பொருள், ஒரு படி மேலே போங்கள். முழங்கை இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரியாமல் விலாவுக்குக் கொஞ்சம் அருகில் வரட்டும், தோள் பிழைக்கும்.

இடுப்பை மடிப்பதுதான் கற்றுக்கொள்ளக் கடினம், கற்றுக்கொண்டால் முதுகுக்கு நல்ல உதவி. சுவருக்கு ஒரு சாண் முன்னால், சுவருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். முட்டியை லேசாகத் தளர்த்தி, முதுகை வளைக்காமல், பின்பாகத்தால் சுவரைத் தொடப் பாருங்கள். தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரியும். அதுதான் சரியான இடம். தொட்டதும் எழுந்து நில்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரைவிட்டுத் தள்ளி நின்று செய்து பழகி, பிறகு பையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். பை தொடையை உரசிக்கொண்டே இறங்கி ஏற வேண்டும். தொழிற்சாலையில் பெட்டி தூக்கும்போதும் இதே மடிப்புதான்.

இழுத்தலுக்கு வீட்டில் வசதி குறைவு, அதனால்தான் எல்லோரும் அதை விட்டுவிட்டு முன்கூனல் போட்டு நடக்கிறார்கள். கட்டிலில் ஒரு கையை ஊன்றி, முதுகை மேசைபோல் நேராக்கி, மறு கையால் பையை இடுப்பை நோக்கி இழுங்கள். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. சன்னல் கிரில்லில் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுக்கலாம், ஆனால் அந்தக் கிரில் சுவரில் பதித்ததாக இருக்க வேண்டும். வாசலில் தள்ளித் திறக்கும் கிரில் கதவில் ஒருநாளும் தொங்காதீர்கள்.

சுமந்து நடப்பதற்கு இரண்டு வாளி, பாதியளவு தண்ணீர், கார் நிறுத்தும் இடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு நிமிடம். தண்ணீர் சிந்தாமல் நடக்க வேண்டும் என்பதே நிதானத்தைக் கற்றுக்கொடுக்கும்.

எத்தனை தடவை? ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று சுற்று. சுற்றுகளுக்கு நடுவே ஒன்றரை, இரண்டு நிமிட ஓய்வு. 'இன்னும் இரண்டு மூன்று தடவை எடுக்க முடியும், ஆனால் அதற்கு மேல் முடியாது' என்ற இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் பத்து எடுக்கலாம் போலிருந்தால் சுமை போதவில்லை. பெரிய எடை தூக்கினால்தான் தசை வளரும் என்பதும் உண்மையில்லை. குறைந்த எடையிலும், களைப்பின் விளிம்புவரை போனால் தசை ஏறக்குறைய அதே அளவு வளர்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மிகப்பெரிய எடையைத் தூக்கும் பலம் வேண்டுமென்றால்தான் பெரிய எடை வேண்டும். இறங்கும்போது இரண்டு மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள், எழும்போது மூச்சை விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு அடைபடாது. அம்மாவுக்கு இது கட்டாயம்.

நோட்டுப் புத்தகம் இதற்குத்தான். தேதி, அசைவு, எடை, தடவை. அவ்வளவே. எல்லாச் சுற்றிலும் 12 தடவை, இரண்டு நாள் தொடர்ந்து வந்துவிட்டதா? பைக்குள் இன்னொரு சீனி பாக்கெட். தடவை 8-க்கு இறங்கும், இறங்கட்டும், திரும்ப 12-க்கு ஏற்றுங்கள். நோட்டு இல்லாதவர்கள் மூன்றாம் மாதத்திலும் முதல் வாரத்து எடையையே தூக்கிக்கொண்டு 'ஒன்றும் தெரியலையே' என்பார்கள்.

ஷிஃப்ட் வேலைக்குத் திங்கள், புதன், வெள்ளி என்று அட்டவணை போட்டால் இரண்டாவது வாரமே உடையும். கிழமையை மறந்துவிடுங்கள். ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது ஒரு நாள், வாரத்துக்கு இரண்டோ மூன்றோ. இரவு ஷிஃப்ட் முடித்து வந்த காலையில் செய்யாதீர்கள், தூங்கி எழுந்து செய்யுங்கள். நேரமே இல்லாத நாளில் தோப்புக்கரணமும் தண்டாலும் மட்டும் ஒரு சுற்று போட்டாலும் அது கணக்கில் சேரும்.

முதல் வாரம் படி இறங்கும்போது தொடை பேசும். அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும், நடமாடினால் சீக்கிரம் தணியும். வலி வந்தால்தான் பயிற்சி பலித்தது என்று அர்த்தமில்லை, இரண்டாம் மாதத்தில் வலியே இல்லாமல் பலம் ஏறும். மூட்டுக்குள் குத்துகிற மாதிரி, ஒரே புள்ளியில் சுருக்கென்று வந்தால் அது வேறு, அந்த அசைவை நிறுத்துங்கள். வரம்பு மீறிச் செய்துவிட்டு, தசை வீங்கி, சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது.

ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோமோ என்ற பயத்துக்கு வருகிறேன். தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்ணுடம்பில் ஆணுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. முதல் நாலைந்து வாரத்தில் ஏறும் பலம் பெரும்பாலும் நரம்பின் வேலை. இருக்கிற தசையை ஒழுங்காக அழைத்து வேலை வாங்க மூளை பழகுகிறது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அதற்குப் பிறகு, அதுவும் மெதுவாக. எடைபார்க்கும் கருவியை அந்த மாதங்களில் நம்பாதீர்கள், பாவாடை நாடா எங்கே முடிச்சு விழுகிறது என்று பாருங்கள்.

சாப்பாட்டில்தான் நாம் உண்மையில் கோட்டை விடுகிறோம். தசை கட்ட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோவுக்கு நாளுக்கு 72 முதல் 96 கிராம். காலையில் தோசை, மத்தியானம் சோறும் சாம்பாரும், ராத்திரி திரும்பத் தோசை என்றால் அதில் பாதிகூடத் தேறாது. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பீர்கள். நம் வீட்டுச் சாம்பாரில் நீந்துகிற பருப்பை வடிகட்டி எடைபோட்டால் தெரியும். கெட்டியாக வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராம் புரதம் உண்டு, அதைத் தனியாக ஒரு கிண்ணம் வையுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம், கெம்போங் மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20, புளிக்கவைத்த சோயாவான தெம்பேயில் 19, ஒரு டம்ளர் பாலில் 8. வெள்ளிக்கிழமை, புரட்டாசி என்று சைவம் இருக்கும் நாளில் தெம்பேயும் டோஃபுவும் கொண்டைக்கடலையும் கை கொடுக்கும். தோசையோடு இரண்டு முட்டை சேர்ந்தாலே காலைக் கணக்கு மாறிவிடும். அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் பாதிப்பு ஏதும் சொல்லியிருந்தால் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள். புரத மாவு டப்பா வாங்கத் தேவையில்லை. மைலோவைப் புரத பானம் என்று நினைத்துக் குடிப்பவர்களும் நம்மில் உண்டு, அது இனிப்பு பானம்.

டம்பெல் எப்போது? பையில் பதினைந்து பாக்கெட் ஏறி, தையல் பிரிய ஆரம்பித்து, அப்போதும் 12 தடவை நிதானமாக வருகிறது என்றால் வாங்குங்கள். தட்டுகளைக் கழற்றி மாட்டும் வகை ஒரு ஜோடி போதும், பயன்படுத்தியதை விற்பவர்களிடம் குறைந்த விலைக்குக் கிடைக்கும், இரும்பு கெட்டுப்போகாது. திருகாணி இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று மட்டும் ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் இடுப்பைக் குலுக்கும் பெல்ட்டுக்கு அந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.